வில்லை விடுங்கள், தோளைப் பாருங்கள்

தோளைப் பார்த்தாலே ஆள் என்ன வேலை செய்கிறவர் என்று பாதி கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்கு வீடு பெயிண்ட் அடிக்கிறவருக்குக் கையை மேலே தூக்கும்போது ஓர் இடத்தில் பிடிக்கும். ரொட்டி சானாய் வீசுகிறவருக்கு வேறு இடம். பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வலி கழுத்திலேயே ஆரம்பித்துவிடும். என் பாட்டி கெடாவில் பால்மரம் வெட்டியவர். தோளில் கம்பைப் போட்டு, இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடந்தவர். வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் அவருடைய வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியேதான் இருந்தது. நான் பிசியோதெரபி படிக்கப் போனதற்கு அந்தத் தோளும் ஒரு காரணம்.

அதனால் இங்கிலாந்தின் நெடுவில்லைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என் கண் போன இடமும் வேறு. வில்லின் நீளம், அம்பு போகும் தூரம், கவசத்தைத் துளைக்குமா துளைக்காதா என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதை இழுத்தவனுடைய தோள் வேண்டும். அதைப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. கடலடிச் சேற்றில் கிடந்த ஒரு கப்பல் அதைப் பத்திரமாக வைத்திருந்தது.

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல், பெயர் மேரி ரோஸ். அதை நீரில் இறக்கியது 1511இல். போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்ததும் அதே வருஷம்தான். (நம்ம ஊர்ச் சரித்திரத்தோடு முடிச்சுப் போட்டு வைத்தால்தான் எனக்கு வருஷங்கள் மனசில் நிற்கும்.) 1545 ஜூலை 19ஆம் தேதி, போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதல் நடந்துகொண்டிருந்தபோது, கரையில் ராஜா பார்த்துக்கொண்டிருக்கவே அது சாய்ந்து மூழ்கிவிட்டது. எதிரிகள் ஏறிவிடக் கூடாதென்று மேல்தளத்துக்கு மேலே வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையே உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. 1982இல் கப்பலின் மிச்சத்தை மேலே தூக்கினார்கள். சேறு மூடியிருந்ததால் மரமும் தோலும் எலும்பும் மக்கிப் போகாமல் இருந்தன. முழுசாக 137 வில்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்புகள், குறைந்தது 179 ஆட்களின் எலும்புகள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்ட நூறாண்டுப் போரில் இழுத்த வில் என்று காட்டுவதற்கு இன்று கையில் ஒன்றுமே இல்லை. பெயர் பெற்ற போர்கள் எல்லாம் 1300களிலும் 1400களிலும் நடந்தவை. வில்லோ வெறும் மரம். உடைந்தால் அடுப்புக்குப் போய்விடும். ஆகவே நெடுவில்லைப் பற்றிய பேச்செல்லாம் இந்த ஒரே கப்பலில் வந்துதான் முட்டுகிறது.

அந்த வில்கள் 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை நீளம். அன்றைய ஆண்களில் பெரும்பாலோரைவிட உயரம். அதே மாதிரி புது வில்கள் செய்தும் கணக்குப் போட்டும் பார்த்ததில், முழுக்க இழுத்துப் பிடிக்க 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை தேவைப்பட்டிருக்கும் என்று தெரிந்தது. கிலோவில் சொன்னால் 45 முதல் 84. ஒலிம்பிக்கில் எய்யும் ஆண்களின் வில்லே இன்று 50 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும்.

என்னிடம் வந்த ஒரு பையனின் வில் 28 பவுண்டு. பள்ளிக்கூடத்துக்காக வில் எய்கிறான். புக்கிட் மெர்தாஜத்திலிருந்து அம்மாவோடு வந்திருந்தான்.

"தோளு வலிக்குதுன்னு சொல்றான் மிஸ். போட்டி வேற வருது. கோச்சுகிட்ட சொல்லவும் பயப்படுறான்" என்றார் அம்மா.

"எப்ப வலிக்குது தம்பி? இழுக்கும்போதா, விட்டப்புறமா?"

"புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்ல அக்கா, அப்ப."

நீல ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி, வில் இழுக்கிற மாதிரி இழுக்கச் சொன்னேன். இழுத்தான். தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. முழங்கை சரியாகப் பின்னால் போகிறது, ஆனால் முதுகில் தோள்பட்டை எலும்பு அசையவே இல்லை. வேலை முழுவதையும் கையும் தோள் நுனியும் செய்கின்றன. தோள் நுனி எலும்புக்குக் கீழே ஒரு தசைநார் ஓடுகிறது. இப்படித் தோளைத் தூக்கிக்கொண்டே இழுத்தால் அது ஒவ்வொரு முறையும் நசுங்கும். தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் என் கட்டைவிரலை வைத்து, "இந்த விரல முதுகெலும்புப் பக்கம் தள்ளு பார்ப்போம், கையால இழுக்காத" என்றேன். நாலைந்து தடவை முயன்ற பிறகு எலும்பு நகர்ந்தது. அவனுக்கே ஆச்சரியம். "லேசா இருக்கு லா" என்றான்.

இதையேதான் ஒரு பாதிரியார் 1549இல் இங்கிலாந்து ராஜாவுக்கு முன்னால் நின்று சொன்னார். ஹியூ லாட்டிமர் என்று பெயர். சாதாரண விவசாயியின் மகன். பிரசங்கத்துக்கு நடுவே தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார். வில் இழுக்கக் கற்றுக் கொடுக்கும்போது, மற்ற நாட்டுக்காரர்கள் மாதிரி கை பலத்தால் இழுக்காதே, உடம்பையே வில்லுக்குள் கொண்டுபோய் வை என்று அப்பா சொன்னாராம். வயதும் வலுவும் ஏற ஏற அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கனமான வில் வாங்கிக் கொடுத்தாராம். நாங்கள் இன்று வகுப்பெடுத்துச் சொல்கிற பாடம் இது: முதலில் அசைவு, பிறகு எடை, அதுவும் படிப்படியாக. அந்த அப்பா எந்தக் காலேஜிலும் படித்தவர் இல்லை. படித்த கோச்சுகள் பலருக்கு இந்தப் பொறுமை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மேரி ரோஸ் எலும்புகளுக்கு வருவோம். தோளின் நுனியில் ஒரு சின்ன எலும்புத் துண்டு இருக்கிறது. பிறக்கும்போது குருத்தெலும்பாக இருந்து, தனியாக எலும்பாகி, இருபது வயதையொட்டி மற்ற எலும்போடு ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு ஒட்டாமலே நின்றுவிடும். எக்ஸ்ரேயில் புதிதாகப் பார்க்கிறவர்கள் முறிவு என்றே நினைப்பார்கள். அந்தக் கப்பலில் கிடைத்த தோள்களில் இப்படி ஒட்டாத நுனிகள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. எலும்பு ஒட்டுவதற்கு முன்பே, சின்ன வயதிலிருந்து கனமான வில்லை இழுத்து இழுத்து இப்படி ஆகியிருக்கலாம் என்று எலும்பு ஆய்வாளர்கள் கருதினார்கள். பாய்மரக் கயிறு இழுத்தவனுக்கும் இது வரலாமே என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என்றாலும், காரணம் வில்தான் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சின்ன வயது என்றால் எவ்வளவு சின்னது? 1541இல் வந்த சட்டம் சொல்கிறது: வீட்டில் 7 வயதிலிருந்து 17 வயது வரை ஆண்பிள்ளை இருந்தால் அவனுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்புகளும் வாங்கிக் கொடுக்க வேண்டும். 24 வயது தாண்டியவன் 220 கெஜத்துக்குக் குறைவான தூரத்தில் இலக்கு வைத்து எய்யக் கூடாது. கிட்டத்தட்ட 200 மீட்டர்! ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை அவர்கள் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

இதற்கும் முன்னால், 1363இல், ராஜா மூன்றாம் எட்வர்ட் ஊர் அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். விடுமுறை நாட்களில் உடம்பில் தெம்புள்ள ஆண்கள் எல்லாரும் வில் பழக வேண்டும். கால்பந்து, கைப்பந்து, கல்லெறி, சேவல் சண்டை எதுவும் கூடாது, மீறினால் சிறை. வில் பழக்கம் நாட்டில் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது என்று புலம்பவும் செய்கிறார். பிரான்சில் கிரெசி என்ற இடத்துப் போரில் ஜெயித்துப் பதினேழே வருஷம் ஆகியிருந்தது, அதற்குள் இந்தப் புலம்பல். அடுத்த இருநூறு வருஷத்திலும் இதே மாதிரி உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே சட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றால் ஜனங்கள் அதை மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை பந்து உதைக்கப் போன பையன்களை இழுத்து வந்து வில்லைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலேயன் பிறவியிலேயே வில்லாளி என்ற கதையெல்லாம் பிற்பாடு கட்டியது.

ரப்பர் கன்று நட்டவுடனே யாரும் கத்தியை எடுத்துக்கொண்டு போவதில்லை. ஆறேழு வருஷம் காத்திருந்தால்தான் பால். வில்லாளியும் அப்படித்தான். இன்றைக்குப் போர் அறிவித்து நாளைக்கு உருவாக்க முடியாது. பிரான்சும் இதை முயன்று பார்த்தது. 1448இல் ஏழாம் சார்ல்ஸ், ஊருக்கு ஊர் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, வரி விலக்குக் கொடுத்து, வில்லாளிப் படை ஒன்றைக் கட்டினார். நல்ல யோசனைதான். ஆனாலும் இங்கிலாந்தைப் பிரான்சிலிருந்து கடைசியில் விரட்டியது அந்தப் படை இல்லை.

வில் முதலில் பேர் வாங்கியது இங்கிலாந்தில்கூட இல்லை, வேல்ஸில். 1188இல் அங்கே சுற்றி வந்த ஜெரால்ட் என்ற பாதிரியார் அந்தப் பக்கத்து வில்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். எல்ம் மரத்தில் செய்த, இழைப்பில்லாத, பார்க்க லட்சணமில்லாத வில்கள். ஆனால் அபர்கவெனி கோட்டையில், கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை கனமுள்ள ஓக் கதவைத் துளைத்து அம்பு முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தனவாம். இன்னொரு கதை: குதிரைமேல் இருந்த வீரனின் தொடைக் கவசம், தொடை, மறுபடியும் கவசம், சேணம் எல்லாவற்றையும் தாண்டி ஒரே அம்பு குதிரையையும் கொன்றதாம்.

இதைப் படித்ததும் எனக்கு வல்வில் ஓரிதான் ஞாபகத்துக்கு வந்தான். கொல்லிமலைக்காரன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றது என்று வன்பரணர் பாடுகிறார். ஜெரால்டின் குதிரையெல்லாம் எங்கள் உடும்புக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பரிசில் வாங்கப் போன புலவர் அளந்து பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பாதிரியார் சொல்லும் அளவுகளையும் அந்தக் கையாலேயே கொஞ்சம் தட்டிக் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

மரத்துக்கு வந்தால், பிற்பாடு எல்லாரும் தேடிப் போனது யூ மரம். அதன் சூட்சுமம் ஒரே கட்டையில் இரண்டு குணம் இருப்பது. வெளிப்பக்கம் வெளிறிய மென்மரம், இழுபடுவதைத் தாங்கும். உள்ளே செம்பழுப்பு வைரம், நசுங்குவதைத் தாங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் கட்டையைப் பிளந்து, வெளிறிய பக்கம் எதிரியைப் பார்க்கும்படி வில் செதுக்குவார்கள். மத்திய ஆசியக்காரர்கள் கொம்பு, மரம், தசைநார் என்று அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டிச் செய்ததை இந்த மரம் சும்மாவே கொடுத்துவிடுகிறது. ஒட்டு வில் குட்டையாக இருந்தும் வேகமானது, குதிரைமேல் வசதி. ஆனால் ஈரக்காற்று ஆகாது, பசை இளகிவிடும். இங்கிலாந்து மழைக்குப் பசை இல்லாத வில் பொருத்தம். நம் பினாங்குக் காற்றில் செருப்புப் பசையே நிற்பதில்லை, அந்த வில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே வாரக் கடைசியில் பெருவிரலில் மோதிரம் போட்டுக்கொண்டு எய்கிற மலாய் நண்பர்கள் வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் ஃபைபர் பட்டை வைத்த வில்கள். அதனால் தப்பிக்கின்றன.

யூ மரம் இங்கிலாந்தில் போதவில்லை. 1472இல் ஒரு சட்டம் போட்டார்கள்: துறைமுகத்துக்கு வரும் வணிகக் கப்பல்கள், சரக்கு ஒரு பெரிய பீப்பாய்க்கு நாலு வில்கட்டை வீதம் கொண்டுவர வேண்டும். ஆஸ்திரியா, பவேரியா மலைக்காடுகளில் யூ மரம் வெட்டித் தீர்ந்தது இதனால்தான். வாத்துகளும் தப்பவில்லை. அம்பின் வாலுக்கு இறகு வேண்டுமே. 1417இல் ஐந்தாம் ஹென்றி, ஒவ்வொரு வாத்தின் சிறகிலிருந்தும் ஆறு இறகுகளைப் பிடுங்கி அனுப்பும்படி மாவட்ட அதிகாரிகளுக்கு ஓலை விட்டார். 24 அம்பு ஒரு கட்டு. நன்றாகப் பழகியவன் நிமிஷத்துக்குப் பத்து அம்பு விடுவான் என்றால் ஒரு கட்டு மூன்று நிமிஷத்துக்குக்கூட வராது. கணக்குப் போட்டால் வாத்துகளின் கதி புரியும்.

போர்களில் கிரெசியை எல்லாரும் சொல்வார்கள். 1346 ஆகஸ்ட் 26. பிரெஞ்சுப் படையின் முன்வரிசையில் ஜெனோவாவிலிருந்து கூலிக்கு வந்த குறுக்குவில்காரர்கள் (கட்டையில் குறுக்கே பொருத்தி, விசையைத் தட்டி விடுகிற வில்). நாள் முழுக்க நடந்த களைப்பு, மழை வேறு. மறைந்து நின்று வில்லை ஏற்றுவதற்கு வேண்டிய பெரிய கேடயங்கள் பின்னால் சாமான் வண்டியில் இருந்தன. குறுக்குவில்லை ஒரு முறை ஏற்றி விடுவதற்குள் நெடுவில்காரன் நாலைந்து அம்பு விட்டுவிடுவான். அவர்கள் பின்வாங்கியபோது, சொந்தப் பக்கத்துக் குதிரைவீரர்களே கோழைகள் என்று திட்டிக்கொண்டு அவர்களை மிதித்து முன்னேறினார்கள். கண் தெரியாத பொஹீமிய ராஜா ஜான், தன் குதிரையைத் தோழர்களின் குதிரைகளோடு பிணைத்துக்கொண்டு உள்ளே போய் இறந்தது இந்தச் சண்டையில்தான்.

1356இல் புவாத்தியே போர். பிரெஞ்சுக் குதிரைகளின் முன்பக்கக் கவசத்தில் அம்பு பட்டுத் தெறித்ததால், வில்லாளிகளைப் பக்கவாட்டில் நகர்த்தி மறைப்பில்லாத பின்பக்கத்தில் எய்யச் சொன்னார்கள். பிரான்ஸ் ராஜாவே பிடிபட்டார்.

அஜின்கோர்ட் போருக்கு முன்னால் ஒரு மருத்துவக் கதை. 1403 ஜூலையில் ஷ்ரூஸ்பரி என்ற இடத்தில் உள்நாட்டுச் சண்டை. இரண்டு பக்கமும் நெடுவில். 16 வயது இளவரசனுக்கு மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்தில் அம்பு பாய்ந்தது. தண்டு வந்துவிட்டது, இரும்பு முனை மட்டும் ஆறு அங்குல ஆழத்தில் மண்டையின் பின்பக்கத்து எலும்பில் தங்கிவிட்டது. வைத்தியர்கள் என்னென்னவோ செய்து பார்த்துக் கைவிரித்தார்கள். பிறகு ஜான் பிராட்மோர் என்ற அறுவை வைத்தியர் வந்தார். எல்டர் மரக் குச்சியின் உள்சோற்றைக் காயவைத்து, துணி சுற்றி, தேனில் தோய்த்து, சின்னதிலிருந்து பெரியதாக ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக் காயத்தின் வழியை அகலப்படுத்தினார். ஒல்லியான இடுக்கி ஒன்றை நடுவில் திருகு வைத்துச் செய்து, அம்பு முனையின் குழிக்குள் விட்டு, திருகி இறுக்கி, முன்னும் பின்னும் அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். காயத்தை வெள்ளை ஒயினால் கழுவி, தேன் தடவிய திரிகளை வைத்து, நாளுக்கு நாள் திரியைச் சின்னதாக்கி, இருபது நாளில் ஆற்றினார்.

எனக்குப் பிடித்த வரி கடைசியில் வருகிறது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை காலையும் மாலையும் இளவரசனின் கழுத்தில் தைலம் தேய்த்து, சூடான பத்துப் போட்டேன் என்று எழுதுகிறார். தசை இறுகி இழுப்பு வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அறுவையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கழுத்தைத் தேய்த்ததை எழுதி வைத்தாரே, அதற்காகவே நான் அவருக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

அந்தப் பையன்தான் ஐந்தாம் ஹென்றி. தன் முகத்தைத் துளைத்த ஆயுதத்தையே நம்பி, 1415 அக்டோபர் 25ஆம் தேதி அஜின்கோர்ட்டில் நின்றார். படையில் ஐந்தில் நாலு பேர் வில்லாளிகள். அதற்கு முன் ஹார்ஃப்ளூர் துறைமுகத்தை முற்றுகையிட்டபோதே வயிற்றுப்போக்கு படையை வாட்டியிருந்தது. பிறகு இரண்டரை வாரம் நடை, சோறு சரியாக இல்லை, முதல் நாள் இரவு முழுக்க மழை. எதிரே பிரெஞ்சுப் படை எண்ணிக்கையில் பெரியது.

அம்புமழை கவசங்களைச் சல்லடையாக்கியது என்று சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. 1415 அளவில் நல்ல தகட்டுக் கவசம் வந்துவிட்டது. 2019இல் 160 பவுண்டு வில்லால், அந்தக் காலத்து முறைப்படி செய்த மார்புத் தகட்டில் கிட்டத்திலிருந்தே எய்து பார்த்தார்கள். தகடு துளைபடவில்லை, அம்புகள் மோதிச் சிதறின. ஆனால் மார்பு மட்டுமா உடம்பு? அக்குள், தொடை, முகமூடியின் கண் இடுக்கு இருக்கின்றன. முக்கியமாகக் குதிரை இருக்கிறது.

அங்கே நடந்தது இதுதான். இரண்டு பக்கமும் காடு, நடுவில் குறுகலான வயல். அப்போதுதான் உழுது விதைத்த களிமண். ஒவ்வொரு வில்லாளியும் கூர் சீவிய ஒரு கழியைத் தூக்கி வந்து முன்னால் சாய்வாக நட்டிருந்தான். குதிரைகள் பாய்ந்து வந்தன, அம்பு பட்டன, கழிகளைக் கண்டு மிரண்டன. திரும்பி ஓடியபோது, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த சொந்த வீரர்கள்மேலேயே புகுந்தன. அந்த வீரர்கள் இருபது கிலோவுக்கு மேல் இரும்பை உடம்பில் மாட்டிக்கொண்டு, முகமூடியை இறக்கி, முகத்தில் அம்பு படாமல் இருக்கத் தலையைக் குனிந்தபடி, குதிரைகள் கலக்கிய சேற்றில் நடக்கிறார்கள். மூச்சு வாங்க ஓட்டை போதாது. பக்கவாட்டில் அம்பு வந்துகொண்டே இருப்பதால் எல்லாரும் நடுவில் ஒதுங்குகிறார்கள். கையைத் தூக்கி வாளை வீச இடமில்லை. முன்னால் இருப்பவன் விழுந்தால் பின்னால் வருபவன் அவன்மேல் விழுகிறான். பலர் வெட்டுப்படாமலே மூச்சு முட்டிச் செத்தார்கள். அம்பு தீர்ந்ததும் வில்லாளிகள் வில்லைக் கீழே போட்டுவிட்டு, கோடாலி, சுத்தியல், குத்துவாள் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். அவர்களுக்குக் கனமான கவசம் இல்லை, சேற்றில் ஓட முடிந்தது. அந்தத் தோள்கள் கோடாலியோடு வந்தால் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. வில்லைக் கீழே போட்ட பிறகும் அவன் தோள் அவனோடுதானே வரும்? நடுவில், பிடித்து வைத்த கைதிகளைக் கொல்லும்படி ஹென்றி உத்தரவிட்டார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நேரமும் இடமும் கொடுத்தால்தான் இந்த ஆயுதம் வேலை செய்யும். 1429 ஜூனில் பாட்டே என்ற ஊரில் ஆங்கில வில்லாளிகள் கழி நட்டு முடிக்கவில்லை. வழியில் ஒரு மான் குறுக்கே ஓட, அதைப் பார்த்துக் கத்திவிட்டார்கள். ஒளிந்திருந்த இடம் தெரிந்துபோனது. பிரெஞ்சுக் குதிரைப்படை மேலே விழுந்து நொறுக்கிவிட்டது. 1453இல் காஸ்தியோனில் பிரெஞ்சுப் பீரங்கிகளை நோக்கி நேராகப் போனார்கள். அதோடு நூறாண்டுப் போரே முடிந்தது.

இங்கிலாந்துக்குள் வில் இன்னும் நூற்றைம்பது வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்தது. 1590இல் சர் ஜான் ஸ்மித் என்ற பழைய போர்வீரர் வில்லுக்காக வாதாடினார். அன்றைய துப்பாக்கியைவிட வில் வேகமானது, மழையில் நமுத்துப்போக மருந்தும் இல்லை, திரியும் இல்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. எதிர்க்கட்சியின் வாதம் எளிமையானது. போர்முனையில் நாலு மாதம் பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்தால் வில்லாளியின் வலு போய்விடும். பலவீனமான கை விட்டாலும் துப்பாக்கிக் குண்டு அதே வேகத்தில்தான் போகும். துப்பாக்கியைச் சில வாரத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம் என்பதும் இருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று புரியும். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தவரை எழுப்பி நிற்க வைக்கும்போது தசை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். 1595இல் அரசு சபை, ஊர்ப்படைகளில் வில்லை நிறுத்திவிட்டுத் துப்பாக்கி கொடுக்கச் சொன்னது.

பையன் திரும்ப வந்தபோது வலி குறைந்திருந்தது. கோச்சிடம் அம்மாவே பேசியிருக்கிறார். 22 பவுண்டு வில்லுக்கு இறக்கிவிட்டார்களாம், அதில் அவனுக்கு வருத்தம். பட்டையை இழுத்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, அந்த ரெண்டு வெரல் கதை உண்மையா? வில்லாளிய புடிச்சா வெரல வெட்டிடுவாங்களாம். அதான் வெள்ளக்காரன் ரெண்டு வெரலக் காட்டுறான்னு யூடியூப்ல சொல்றாங்க."

"அஜின்கோர்ட்டுல ஆரம்பிச்சதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல பா. பிரெஞ்சுக்காரங்க விரல வெட்டிடுவாங்கன்னு ஹென்றி ராஜா தன் ஆளுங்களப் பயமுறுத்தினதா எழுதி வச்சிருக்காங்க. அதுகூட மூணு விரல்."

"அப்ப புடிச்சா என்னதான் செய்வாங்க?"

"பிரபு வீட்டுப் பிள்ளையா இருந்தா பத்திரமா வச்சிருந்து பணம் கேப்பாங்க. வில்லாளிக்கு யாரு பணம் கொடுப்பா? பெரும்பாலும் அங்கேயே கொன்னுடுவாங்க. விரல வெட்டி அனுப்பறதுக்கு யாருக்கு நேரம்? தோளைத் தூக்காத, இன்னும் பத்து இருக்கு."